ஆயிரம் ரூபாய் பட்ஜெட்டில் வீட்டிலேயே டெயில் டைடி

எந்த 150 சிசி பைக்கை எடுத்தாலும் பின்னால் நீளமாக ஒரு பிளாஸ்டிக் மட்கார்டு தொங்கும். நம்பர் பிளேட், இண்டிகேட்டர், சிவப்பு ரிஃப்ளெக்டர் எல்லாம் அதன் மேல்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, டெயில் லேம்ப்புக்குக் கீழே ஒட்டினாற்போல ஒரு சின்ன பிராக்கெட் அடித்து இதையெல்லாம் அதில் மாட்டுவதைத்தான் டெயில் டைடி என்கிறோம். ரெடிமேடாகவும் கிடைக்கிறது, ஆனால் காசைக் கொட்டி வாங்கும் அளவுக்கு அதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு விதி: கழற்றலாம், வெட்டக்கூடாது. கம்பெனி மட்கார்டு, கம்பெனி ஒயர், சேஸிஸ் எதிலும் ரம்பம் படக்கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டியதை இன்னொரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி ஆக்க முடிய வேண்டும். சீட் ஃப்ரேமை அறுத்துச் சுருக்கும் வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம், வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு நேராக அங்கேதான் வந்து நிற்கும்.

அதேபோல சாரி கார்டு, பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் மூன்றையும் தொடாதீர்கள். அவை இருந்தாக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. விதி கிடக்கட்டும், சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

கழற்றுவது

சீட்டை எடுத்து முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஒயர்களை இணைக்கும் கப்ளர்களில் எது எங்கே போகிறது என்று போனில் நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மாலையில் அதுதான் கைகொடுக்கும். மட்கார்டு போல்ட்டுகள் பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பேனரில் வந்துவிடும். துருப்பிடித்திருந்தால் டபிள்யூடி-40 அடித்து ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஏப்ரல் 2019-க்குப் பிறகு வந்த வண்டி என்றால் ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட் இருக்கும். அதன் ஸ்னாப் லாக் ஒருமுறை போட்டால் போட்டதுதான், உடைத்தால் திரும்ப மாட்ட முடியாது. அதனால் பிளேட்டைக் கழற்றாமல், பிளேட் உட்கார்ந்திருக்கும் ஹோல்டரோடு சேர்த்தே எடுத்து வையுங்கள். புது பிராக்கெட்டை அந்த ஹோல்டருக்கு ஏற்றபடி செய்வதுதான் புத்திசாலித்தனம்.

பிராக்கெட்

தகட்டை வாங்கும் முன் அட்டையில் செய்து பாருங்கள். பழைய மட்கார்டின் போல்ட் ஓட்டைகளை அட்டையில் அழுத்திப் பதித்து, வெட்டி, வண்டியில் வைத்துப் பாருங்கள். பின்பக்க பிளேட் அளவு 200-க்கு 100 மில்லிமீட்டர், அது முழுதாக, நேராகத் தெரிய வேண்டும். ஸ்டைலுக்காக மேல்நோக்கி மல்லாத்தி வைத்தால் முதல் சிக்னலிலேயே ஓரம் கட்டச் சொல்வார்கள்.

அட்டை சரியாக உட்கார்ந்ததும் அதே வடிவத்தில் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. மடிக்கும்போது கூர்மையான விளிம்பில் வைத்து மடித்தால் மடிப்பில் மயிரிழைக் கீறல் விழும், அப்புறம் என்ஜின் அதிர்வில் அங்கேயேதான் உடையும். வைஸில் ஒரு உருண்டைக் கம்பியை ஓரமாக வைத்து, அதன் மேல் மெதுவாக மடியுங்கள். வைஸ் இல்லையா, அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து கிரில் பட்டறைக்குப் போங்கள், 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் வெட்டி, மடித்து, ஓட்டையும் போட்டுத் தருவார்கள். இரும்பு என்றால் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்த பிறகுதான் மேட் பிளாக் ஸ்ப்ரே.

மாட்டும்போது அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட்டு, வாஷர் போடுங்கள். தகட்டு ஓட்டை வழியாக ஒயர் போகிற இடத்தில் கிராமெட் என்கிற ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அரித்து என்றைக்காவது ஃபியூஸைப் போட்டுத் தள்ளும்.

ஒயரிங்

பழைய இண்டிகேட்டருக்குப் பதில் எல்இடி மாட்டும்போது பலர் தடுமாறுவது இங்கேதான். பழைய இண்டிகேட்டர் பல்ப் 10 வாட், புது எல்இடி இரண்டு வாட் கூட இருக்காது. இண்டிகேட்டரை விட்டுவிட்டு மின்னவைக்கும் பழைய ஃப்ளாஷர் 20 வாட் லோடை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும், அது கிடைக்காவிட்டால் இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கும், அல்லது அடிக்கவே அடிக்காது. லோடைக் கூட்ட ரெசிஸ்டர் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு, ஆனால் அது சூடாகும், பிளாஸ்டிக்குக் கீழே எனக்கு அது பிடிக்காது. எல்இடி-க்கான இரண்டு பின் எலெக்ட்ரானிக் ஃப்ளாஷர் வாங்குங்கள். பழையது எங்கே என்று தெரியாவிட்டால், பேட்டரியை மறுபடி இணைத்து, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு சைடு கவருக்குள் கையால் தடவுங்கள், விரலில் டிக் டிக் என்று அடிக்கிற சின்ன டப்பாதான் அது. புதியதில் பி என்று போட்டிருப்பது பேட்டரி பக்கம், எல் என்பது விளக்கு பக்கம். மாற்றிச் செருகினால் வேலை செய்யாது.

முன்னாலும் எல்இடி மாட்டியிருந்து, இதற்குப் பிறகும் ஒரு பக்கம் போட்டால் நாலும் சேர்ந்து மின்னுகிறதா? டேஷ்போர்டில் இடது வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே அம்பு விளக்கு உள்ள வண்டிகளில் இது நடக்கும். அந்த விளக்கு இரண்டு பக்க ஒயருக்கும் நடுவில் பாலமாக இருப்பதால் கரண்ட் அதன் வழியாக அந்தப் பக்கம் தாண்டிவிடுகிறது, எல்இடி மினுக்க அவ்வளவே போதும். கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு இரண்டு வாங்குங்கள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசு. இடது ஒயரில் ஒன்று, வலது ஒயரில் ஒன்று, இரண்டின் வெள்ளிக் கோடு உள்ள முனைகளையும் சேர்த்து அம்பு விளக்கின் ஒரு காலுக்குக் கொடுத்து, மறு காலை எர்த்தில் போட்டால் முடிந்தது.

கம்பெனி கப்ளரை வெட்டாமல் அதற்குப் பொருந்தும் முனைகளைப் புது ஒயரில் போடுங்கள். சால்டர் வைக்கும் முன், சூட்டில் சுருங்கி ஒயரை மூடும் ஹீட் ஷ்ரிங்க் டியூப்பை ஒயருக்குள் கோத்துவிட வேண்டும், வைத்த பிறகு கோக்க வழியில்லை. இண்டிகேட்டர் மஞ்சளாகத்தான் மின்ன வேண்டும். நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு குட்டி வெள்ளை எல்இடி, கீழே பழைய சிவப்பு ரிஃப்ளெக்டர், இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

சோதனை

மெயின் ஸ்டாண்டில் பார்த்தால் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும், இடைவெளி தாராளமாகத் தெரிந்து ஏமாற்றும். ஸ்டாண்டை எடுத்துவிட்டு இரண்டு பேரை உட்காரவைத்துக் குலுக்கச் சொல்லுங்கள். ஒருவர் முன்னால் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் பின்னால் குனிந்து, கை வைக்காமல் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் டயருக்கும் பிளேட்டின் கீழ் விளிம்புக்கும் நடுவில் மூன்று விரல் அளவு மிச்சம் இருக்க வேண்டும். குறைந்தால் பிராக்கெட்டை மேலே ஏற்றுங்கள், ஸ்பீடு பிரேக்கரில் டயர் பிளேட்டைக் கவ்வினால் விளையாட்டு இல்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: ஐப்பசி மழையில் பின்னால் உட்காருபவர் முதுகில் சேறு அடிக்கும். டயரை ஒட்டி உள்ளே ஒரு குட்டி மட்கார்டு இருந்தால் அதை அப்படியே விடுங்கள், பாதி சேற்றை அது தடுக்கும். மீதிக்கு வழியில்லை, மழைக்காலத்தில் நான் பழைய மட்கார்டையே திரும்ப மாட்டிக்கொள்கிறேன்.

ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கழற்றிய மட்கார்டை அதன் நட்டு போல்ட்டோடு ஒரு கவரில் கட்டிப் பரணில் போடுங்கள், வண்டியை விற்கும்போது வாங்க வருபவர் அதைக் கேட்பார்.