பழைய ஓட்டு வீட்டுக்குப் புது வயரிங்: சுவரைக் குடையாமல் செய்யும் முறை

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய பின்னர் கோவை வட்டாரத்தில் மின்சாரம் பெற்ற வீடுகளில், ஆசாரத்திற்கு (முன்கூடத்திற்கு) ஒரு விளக்கு, சமையலறைக்கு ஒன்று, வசதியிருந்தால் ஒரு மின்விசிறியும் ரேடியோவும் என்ற அளவிலேயே கம்பி இழுக்கப்பட்டது. இன்று 2000 வாட் கீசர் ஒன்று மட்டுமே 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். ஆகவே பழுதான கம்பியை மட்டும் மாற்றி ஒப்பேற்றாமல், முழு வயரிங்கையும் புதிதாகச் செய்வதே பழைய வீட்டுக்குப் பொருத்தமானது. வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்க வேண்டும். திட்டமிடுவதும் மேற்பார்வையிடுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு.

முதலில் இருப்பதைப் பார்வையிடுங்கள். தேக்குச் சட்டத்தின்மேல் கிளிப் அடித்து ஓட்டப்பட்ட பழைய கம்பிகளில் ரப்பர் உறையும் அதன்மேல் நூல் பின்னலும் இருக்கும். பல்லாண்டு வெப்பத்தில் காய்ந்துபோன அந்த ரப்பர், அசையாமல் கிடக்கும் வரை ஒட்டிக்கொண்டிருந்து, கை பட்டவுடன் பொடியாக உதிர்ந்துவிடும். பார்வையிடும் முன் மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்துகொள்வது அவசியம். மெயினை அணைத்த பின்னும் மீட்டரிலிருந்து மெயின் சுவிட்ச் வரை மின்சாரம் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. மீட்டர் முத்திரையைத் தொட வேண்டிய வேலை எதுவாயினும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்தே செய்ய வேண்டும்.

அடுத்தது கம்பி செல்லும் வழி. இங்குதான் பெரும்பாலான வீடுகள் பாழாகின்றன. நடுவில் திறந்த முற்றமுள்ள தொட்டிக்கட்டு வீடுகளின் சுவர்கள் பலவும் மண்சாந்தில் கல்லோ செங்கல்லோ அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசப்பட்டவை. கான்கிரீட் வீட்டில் செய்வதுபோல் கட்டிங் மெஷினால் காடி வெட்டிப் பைப்பைப் புதைத்தால், உள்ளிருக்கும் மண் சரிந்து, விரலளவு காடி கையளவுப் பள்ளமாகும். அதைச் சிமென்ட்டால் மூடினால், சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பூச்சைப் பொரித்துத் தள்ளும். எனவே மேலோட்டமான வயரிங்கே இவ்வீடுகளுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. பி.வி.சி. பைப்பை உத்திரத்தின் பக்கவாட்டிலும் கதவு நிலையின் ஓரத்திலும் ஒட்டினாற்போல் ஓட்டினால் கண்ணுக்கு உறுத்தாது. வேலைப்பாடுள்ள தூணிலும் அதன் உச்சியிலுள்ள போதிகையிலும் ஆணி அடிக்க விடாதீர்கள். மண்சுவரில் திருகு நேரடியாகப் பிடிக்காது. மர ஆப்பைச் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, நன்கு இறுகிய பிறகு அதில் திருகைப் பொருத்த வேண்டும். ஓட்டுக்கு அடியில் எலியும் அணிலும் நடமாடும் இடங்களில் பைப் இல்லாமல் கம்பியை விடவே கூடாது. ஒழுகும் ஓடுகளை மாற்றிய பிறகே வயரிங்கைத் தொடங்க வேண்டும்.

எர்த் இல்லாத இரண்டு முனை பிளக் பெட்டிகள் பழைய வீடுகளில் சாதாரணம். சில வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். குழாயின் ஒரு பகுதியைப் பிளாஸ்டிக்காக மாற்றிய நாளிலிருந்து அந்த எர்த் பயனற்றது. 2.5 மீட்டர் நீள ஜி.ஐ. பைப்பைக் கட்டடத்திலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி, கரியும் உப்பும் இட்டுப் புதைப்பது வழக்கமான முறை. கரிசல் மண் கோடையில் வெடித்து பைப்பை விட்டு விலகும். சரளை நிலத்தில் ஈரமே தங்காது. ஆகவே தென்னைக்குத் தண்ணீர் பாயும் இடத்தருகே குழி எடுத்து, மண் மிகவும் காய்ந்திருக்கும் சித்திரையில் எர்த்தின் மின்தடையை அளந்து பார்ப்பது நல்லது.

விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியும், சமையலறை பவர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மி.மீ. கம்பியும், கீசருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனியே 4 சதுர மி.மீ. கம்பியும் பொதுவாகப் போதுமானவை. மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் பியூஸ் வைக்கும் பழைய முறையைக் கைவிட வேண்டும். அது எரிந்தால் விளக்கு அணையும், ஆனால் மின்சாரம் வரும் பேஸ் கம்பியில் அது அப்படியே இருக்கும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி கட்டாயம் வேண்டும். பழைய வயரிங்கில் இரண்டு அறைகள் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்துகொள்வதால், இந்தப் புதுக் கருவி அடிக்கடி தானாக அணைந்துவிட, எலக்ட்ரீஷியன் கருவி சரியில்லை என்று கழற்றிவிடுவதுண்டு. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும், இன்வெர்ட்டர் லைன் உட்பட, தனி நியூட்ரல் இழுத்துவிட்டால் இத்தொல்லை வராது.

தோட்டத்து வீடுகளில் கிணற்று மோட்டாரின் இலவச மின் இணைப்பிலிருந்தோ, பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்கூடத்து இணைப்பிலிருந்தோ வீட்டுக்கு ஒரு கம்பி வந்திருந்தால், அதை இந்த வேலையோடு முற்றிலும் துண்டித்துவிடுங்கள். அது விதிமீறல் என்பதோடு, வீட்டு மெயினை அணைத்த பின்னும் மின்சாரம் தங்கும் வழி அதுவே.

மின்சாரம் கொடுக்கும் முன் 500 வோல்ட் மெக்கர் என்னும் அளவியால், கம்பி உறையின் காப்புத்தடையை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. பைப் சென்ற வழியையும் எந்த சுவிட்ச் எந்த அறைக்குரியது என்பதையும் வரைந்து, மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிய பிறகே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கலாம்.