வின்ச் போட்டு வண்டி இழுக்கும்முன்: காப்பீட்டில் கோட்டைவிடும் இடங்கள்

“ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு, பார்த்துக்கலாம்” என்ற தைரியத்தில்தான் பெரும்பாலோர், மோட்டாரால் ரோப்பைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவியான வின்ச்சின் ரோப்பை மாட்டுகிறார்கள். நம் நாட்டில் கார்களுக்கு விற்கப்படும் பேக்கேஜ் பாலிசி (சொந்த சேதமும் மூன்றாம் நபர் பொறுப்பும் சேர்ந்தது), சாலையில் ஓடும் வண்டியை மனதில் வைத்து எழுதப்பட்டது. சேற்றில் புதைந்த மஹிந்திரா தாரையோ மாருதி ஜிம்னியையோ இன்னொரு வண்டி இழுக்கும்போது எது வரும், எது வராது என்பது அந்த ஆவணத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. பொறுமையாகப் படித்தால் ஒன்று தெரியும்: உங்கள் ரோப்பின் மறுமுனையில் நிற்கும் வண்டிக்குத்தான் உங்கள் பாலிசியில் பாதுகாப்பு மிகக் குறைவு.

நண்பரின் வண்டியை நம் பாலிசி பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது

மூன்றாம் நபரின் சொத்துக்கு நேரும் சேதத்துக்கு பேக்கேஜ் பாலிசியில் வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை இடம் உண்டு. ஆனால் உங்களுக்குச் சொந்தமான சொத்துக்கும், உங்கள் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் சொத்துக்கும் அது பொருந்தாது என்று அதே பத்தியில் எழுதியிருக்கும். வின்ச் ரிமோட் உங்கள் கையில், வண்டி உங்கள் ரோப்பில். அது உங்கள் கட்டுப்பாட்டில்தான் இருந்தது என்று நிறுவனம் வாதாட இது போதும். நண்பரின் பம்பர் பிய்ந்தாலோ வண்டி சரிந்து உருண்டாலோ, நடைமுறையில் முதலில் கைகொடுக்க வேண்டியது அவருடைய சொந்த சேதக் காப்பீடு, அதாவது ஓன் டேமேஜ்.

அவரிடம் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் அந்த வழியும் அடைபட்டது. பழைய ஜீப் வைத்திருக்கும் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். எனவே ரோப்பை மாட்டும்முன் கேட்டுவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. அவருக்குப் பணம் கொடுத்த நிறுவனம், தவறு உங்களுடையது என்று கருதினால், அந்தத் தொகையை உங்களிடம் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

டீசல் காசு வாங்குவது

தனியார் கார் பாலிசியில் வாடகைக்கோ கூலிக்கோ வண்டியைப் பயன்படுத்தக் கூடாது. தெரியாத ஒருவரை மீட்டுவிட்டு, அவர் நீட்டும் 2,000 ரூபாயை வாங்கிப் பையில் போட்டால், உதவி தொழிலாகிவிட்டது என்று வாதிட இடம் கொடுக்கிறீர்கள். வாங்காதீர்கள். யுபிஐ-யில் வந்தால் சாட்சியும் கூடவே வந்துவிடும்.

வின்ச்சை நிறுவனத்திடம் சொல்லாமல் மாட்டுவது

வண்டி வாங்கிய விலையில் சேராத மின் உபகரணத்தை அதன் மதிப்போடு பாலிசியில் எழுத வேண்டும். ஐ.எம்.டி. 24 என்ற பாலிசி இணைப்பின் (எண்டார்ஸ்மென்ட்) கீழ் அந்த மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். எழுதாமல் விட்டால், மோதலில் வின்ச் நொறுங்கினாலும் திருடு போனாலும் அதற்கென்று ஒரு ரூபாய்கூட எதிர்பார்க்க முடியாது. எழுதியிருந்தாலும் மோட்டார் கருகிப்போவது, ரோப் தேய்ந்து அறுவது எல்லாம் இயந்திரப் பழுது, தேய்மானக் கணக்கில் போய்விடும்; அவற்றுக்குப் பணம் வராது.

வின்ச்சைத் தாங்கும் இரும்பு பம்பர்தான் இதைவிடப் பெரிய சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, நிறுவனம் தந்த வடிவத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புச் சட்டங்களான புல் பார்களுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சட்டவிரோத மாற்றத்துக்கு உரிமையாளர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ சந்திக்கலாம் என்று அதே சட்டத்தின் 182ஏ பிரிவு சொல்கிறது. கிளெய்ம் வந்தால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் கண் முதலில் போவதும் அந்த பம்பரில்தான்.

ஆட்கள் விஷயத்தில் அலட்சியம்

இங்கே சட்டம் பாதிக்கப்பட்டவர் பக்கம் ஓரளவு தாராளமாக நிற்கிறது. 1987இல் மகாராஷ்டிரத்தில் நெடுஞ்சாலையோரம் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்ததில், கூடியிருந்தவர்கள் பலர் இறந்தார்கள். ஓடாத வண்டி எப்படி ‘பயன்பாட்டில்’ இருந்ததாகும் என்ற வாதத்தை 1991இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே நின்ற இடத்தில் வின்ச் போட்டாலும், ரோப் அறுந்து வேடிக்கை பார்த்தவர் மேல் பட்டால் அது வாகன விபத்தாகக் கொள்ளப்படலாம். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டில் தொகை வரம்பு இல்லை. ஆனால் கட்டாயக் காப்பீடு ‘பொது இடத்தை’ வைத்துப் பேசுகிறது. வேலி போட்ட தனியார் எஸ்டேட்டுக்குள் வின்ச் போட்டுப் பழகும்போது, மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு அங்கே ஆட்சேபம் வரலாம்.

உங்களுக்கே அடிபட்டால்? உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும். ஒரு கண் போனால் பாதித் தொகை. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு லட்சம் ஆனால் இதிலிருந்து எதுவும் வராது. அதற்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், அதிலும் சாகச விளையாட்டு விலக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குற்ற வழக்கு தனி. அஜாக்கிரதையால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. எந்த பாலிசியும் அதை ஏற்காது. உதவ வந்தவரைக் காக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் விபத்தில் சிக்கியவரின் காயம், மரணம் பற்றித்தான் பேசுகிறது. அவருடைய வண்டியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அஜாக்கிரதையா இல்லையா என்பதை ரோப் மாட்டிய விதமே சொல்லிவிடும். 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ என்று போட்டிருக்கும் வின்ச், அந்த முழு இழுவையைத் தருவது டிரம்மை ஒட்டிய முதல் அடுக்கில் மட்டும். ரோப் மேலே மேலே சுற்றச் சுற்ற இழுவை குறையும். சேறு வண்டியைக் கவ்விப் பிடித்திருக்கும்போது தேவைப்படும் விசை வண்டியின் எடையைவிட அதிகமாகவும் போகலாம். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஷேக்கிளை (ரோப்பை இணைக்கும் இரும்பு வளையம்) போடுவது, அறுந்த ரோப் தெறிக்காமல் அமுக்கும் டேம்பர் போர்வையை ரோப் மேல் போடாமல் இருப்பது, ரோப் நீளத்தைத் தாண்டி ஆட்களை விலக்காமல் இருப்பது: மூன்றும் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்களுக்கு எதிராக நிற்கும். இழுக்கும்முன் ஹூக் மாட்டிய இடத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

போட்டி, காடு, ஓடை

பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் (வண்டியின் தாக்குப்பிடிக்கும் திறனைப் பார்க்கும் சோதனை) ஆகியவற்றை பாலிசி வெளிப்படையாக விலக்குகிறது. கோவாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற ஆஃப்-ரோடு போட்டி மாதிரி நேரம் பார்த்து மதிப்பெண் போடும் நிகழ்வுக்கு வழக்கமான பாலிசியை நம்பிப் போகக் கூடாது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். அங்கே மரத்தில் சங்கிலி கட்டி இழுத்தால் இன்னும் மோசம். எங்கேயானாலும் அகலமான பட்டைதான் கட்ட வேண்டும். கிளப்பில் கையெழுத்து வாங்கும் பொறுப்புத் துறப்புப் படிவம், அதில் கையெழுத்திடாத வழிப்போக்கரைக் கட்டுப்படுத்தாது.

ஓடையில் நின்ற வண்டியை இழுக்கும்போது, வின்ச்சுக்கு உதவியாக இருக்கட்டும் என்று எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் உள்ளே போய் கனெக்டிங் ராடு வளைந்தால், அது விபத்தால் வந்ததல்ல, பின்விளைவு என்று கிளெய்மை மறுப்பார்கள். எஞ்சினுக்கான தனி ஆட்-ஆன் (கூடுதல் காப்பீடு) இருந்தால் மட்டும் நம்பிக்கை உண்டு.

நடந்த பிறகு

விபத்தில் முடங்கிய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக அடிப்படை பாலிசி தருவது அதிகபட்சம் 1,500 ரூபாய். பள்ளத்திலிருந்து கிரேன் வைத்துத் தூக்க இது எந்த மூலைக்கு? புதுப்பிக்கும்போதே கூடுதல் வரம்பு கேளுங்கள். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் வண்டிகள் பெரும்பாலும் தார் ரோட்டோடு நின்றுவிடும்.

அடிபட்ட வண்டியைப் பழுது பார்க்காமல் ஓட்டி மேலும் சேதமானால் அந்தக் கூடுதல் சேதம் உங்கள் தலையில். நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். “என் தப்புதான், செலவை நான் தர்றேன்” என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுக்க மனசு சொல்லும். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், கூடவே இருங்கள். ஆனால் நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதும் பணம் தருவதாகச் சொல்வதும் பாலிசி நிபந்தனைக்கு எதிரானது. அதை வைத்தே அவருக்கு வர வேண்டிய பணம் இழுபறியாகும்.