அருகிவரும் கொறித்துண்ணிகளுக்கு உணவுத் தேர்வுச் சோதனை: தொடக்கநிலைப் பணியாளருக்கான செய்முறை

அழிவை நெருங்கிவிட்ட ஒரு கொறித்துண்ணியைக் கூண்டில் வளர்த்துப் பெருக்க முயலும் எந்த மையத்திலும் முதலில் எழும் கேள்வி, அதற்கு என்ன கொடுப்பது என்பதுதான். புதிதாகப் பணியில் சேர்பவர்கள் பெரும்பாலும் ஒரே தட்டில் பலவற்றையும் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் எது காலியாகியிருக்கிறதோ அதையே பிடித்த உணவு என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். தட்டிலிருந்து மறைந்த உணவெல்லாம் வயிற்றுக்குள் போய்விடுவதில்லை. விரும்பித் தின்ற உணவெல்லாம் உடலுக்குப் போதுமானதாகவும் இருப்பதில்லை. இந்த இரண்டையும் பிரித்து அறிவதற்கான வழியையே இங்கே படிப்படியாக விளக்குகிறேன். பாதுகாக்கப்பட்ட விலங்குகளைக் கையாள உரிய அனுமதியும், அருகில் ஒரு கால்நடை மருத்துவரின் மேற்பார்வையும் இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதல் படி: காட்டில் என்ன தின்கிறது என்று அறிதல்

உணவுப் பட்டியலைக் கடைச் சரக்கிலிருந்து தொடங்காமல், அந்த இனத்தின் பல்லிலிருந்தும் குடலிலிருந்தும் தொடங்குங்கள். கொறித்துண்ணிகளின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எனவே கடித்துத் தேய்க்க ஓடுள்ள கொட்டை, மரக்கிளை, நார் மிகுந்த தண்டு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். குடல் அமைப்போ இனத்துக்கு இனம் வேறுபடும். சின்சில்லா போன்ற புல்லுண்ணிகளின் குடலில், நாரை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைக்கும் ஒரு பெரிய பை உண்டு. அவற்றுக்கு உலர்ந்த புல்லே அடிப்படை உணவு. இனிப்புப் பழத்தை அள்ளிக் கொடுத்தால் அந்த நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டுப்போகும். பிரிட்டனில் எண்ணிக்கை குறைந்து வரும் ஹேசல் டார்மவுஸ் என்னும் சிறு கொறித்துண்ணிக்கு அந்தப் பையே கிடையாது. நார்ச்சத்தைச் செரிக்க முடியாததால், அது பருவத்துக்கு ஏற்றபடி பூ, மகரந்தம், பூச்சி, பழம், கொட்டை என்று மாறிமாறித் தின்கிறது. இந்த இரண்டு விலங்குகளுக்கும் ஒரே தீவனத்தை வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எடை பார்த்தல்

சோதனைக்கு முன் ஒரு வாரம், வழக்கமான உணவிலேயே, நாள்தோறும் ஒரே நேரத்தில் விலங்கின் எடையைக் குறித்து வையுங்கள். கையில் பிடித்து நிறுப்பதைவிட, தராசின்மேல் வைத்த சிறு பெட்டிக்குள் அதுவாகவே நுழையப் பழக்குவது நல்லது. பயந்த விலங்கு சரியாகத் தின்னாது. அதன் பிறகு நீங்கள் அளப்பது விருப்பத்தை அல்ல, அச்சத்தைத்தான். விலங்கின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், எந்த நிலையில் இருந்தாலும் சோதனையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள். உணவைச் சோதிக்கிறோம் என்பதற்காக ஓர் அரிய உயிரைப் பட்டினி போடுவதில் எந்த நியாயமும் இல்லை; ஆகவே அடிப்படை உணவு ஒரு பங்காவது சோதனை நாட்களிலும் உடன் இருக்கட்டும்.

மூன்றாம் படி: கிண்ணங்களை வைத்தல்

ஒரு நேரத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று உணவுகள் போதும். ஒரே அளவும் நிறமும் கொண்ட கிண்ணங்களில், ஒரே எடையுள்ள உணவை வையுங்கள். சில விலங்குகள் எந்த உணவாயினும் கூடு இருக்கும் பக்கத்துக் கிண்ணத்தையே நாடும் என்பதால், நாள்தோறும் கிண்ணங்களை இடம் மாற்றுங்கள். கூண்டுக்கு வெளியே, விலங்குக்கு எட்டாத இடத்தில், அதே உணவுடன் இன்னொரு கிண்ணத்தையும் வையுங்கள். ஈரம் உலர்வதால் ஒரு நாளில் எவ்வளவு எடை குறைகிறது என்பதை அது காட்டும். பச்சைக் கீரையும் பழமும் வைக்கும்போது இந்தக் கிண்ணம் இல்லாத கணக்கு கணக்கே அல்ல. முன்பின் அறியாத உணவை முதல் இரண்டு நாட்கள் விலங்கு தொடாமலும் போகலாம். அதைப் பிடிக்கவில்லை என்று எழுதிவிடாமல், சிறிதளவு வைத்துப் பழக்கிய பிறகே அளக்கத் தொடங்குங்கள்.

நான்காம் படி: மிச்சத்தைத் தேடுதல்

பலர் அவசரப்படுவது இங்கேதான். கலிஃபோர்னியாவின் கடலோரத்தில் வாழும் பசிஃபிக் பாக்கெட் எலியை எடுத்துக்கொள்ளுங்கள். அற்றுப்போய்விட்டதோ என்று கருதப்பட்டு, 1993இல் டானா பாயின்ட்டில் மீண்டும் கண்டறியப்பட்ட இந்தச் சிற்றுயிரை, சான் டியேகோ விலங்குக் காட்சியகத்தினர் 2012 முதல் வளர்த்துப் பெருக்கி வருகிறார்கள். பத்துக் கிராம்கூட இல்லாத இவ்வெலியின் கன்னங்களில், வெளிப்புறமாகத் திறக்கும், உரோமம் படர்ந்த பைகள் உண்டு. விதைகளை அவற்றில் அடைத்துக்கொண்டு போய் மண்ணில் புதைத்துவிடும். இத்தகைய விலங்கின் கிண்ணம் காலியாக இருந்தால், அது தின்றதற்கு அடையாளமல்ல.

எனவே காலையில் கிண்ணத்தோடு படுக்கை மண்ணையும் கூட்டையும் சல்லடையில் சலித்துப் பாருங்கள். கிண்ணத்தில் எஞ்சியது, பதுக்கி வைத்தது, உமியும் ஓடும் என்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனியே நிறுங்கள். ஓட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு முறை உற்றுப் பாருங்கள்: ஹேசல் கொட்டையை டார்மவுஸ் தின்றிருந்தால், துளை வட்டமாகவும் அதன் உள்விளிம்பு வழுவழுப்பாகவும், பல்தடங்கள் ஓட்டின் வெளிப்புறத்தில் சாய்வாகவும் இருக்கும். ஒரே அடைப்பில் வேறு எலிகள் நுழைந்து தின்றிருக்கின்றனவா என்பதையும் இது சொல்லிவிடும். எடுத்த பதுக்கலை நிறுத்தபின் அதே இடத்தில் திரும்ப வைத்துவிடுங்கள். தன் சேமிப்பை நாள்தோறும் இழக்கும் விலங்கு அமைதியாக இருக்காது. விலங்கின் புழுக்கையையும் முழுதாகக் கூட்டிக் கழுவ வேண்டாம், ஏனெனில் பல இனங்கள் தம் மென்மையான புழுக்கையை மீண்டும் தின்றே சில வைட்டமின்களைப் பெறுகின்றன.

ஐந்தாம் படி: கணக்கிடுதல்

ஒரு மாதிரிக் கணக்கு. புல்விதை 3.0 கிராம், சூரியகாந்தி விதை 3.0 கிராம் வைத்தோம். காலையில் கிண்ணத்தில் புல்விதை 1.2, சூரியகாந்தி 0.2 கிராம் எஞ்சியது. பதுக்கலில் புல்விதை 0.1, சூரியகாந்தி 1.5. உமியாகப் புல்விதையில் 0.1, சூரியகாந்தியில் 0.4. உலர்ந்ததால் ஒவ்வொன்றிலும் 0.1 குறைவு. இவற்றையெல்லாம் கழித்தால், உண்மையில் தின்றது புல்விதை 1.5 கிராம், சூரியகாந்தி 0.8 கிராம். கிண்ணத்தை மட்டும் பார்த்தவர் சூரியகாந்தியையே விருப்ப உணவு என்று எழுதியிருப்பார். ஆனால் அன்று தின்றதில் ஏறக்குறைய 65 விழுக்காடு புல்விதை. தின்றதையும் பதுக்கியதையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள், இரண்டுமே பயனுள்ள செய்திகள். ஒவ்வொரு விலங்குக்கும் குறைந்தது ஐந்தாறு நாட்களாவது இதைச் செய்யாமல் முடிவுக்கு வர வேண்டாம்.

ஆறாம் படி: விருப்பத்தைச் சத்தோடு ஒப்பிடுதல்

இந்தப் படியை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஐரோப்பிய ஹாம்ஸ்டர் என்னும் கொறித்துண்ணியின் கதை ஒன்றே போதும். 2020இல் மிகவும் அழிவாய்ப்புள்ள இனமாக அறிவிக்கப்பட்ட இது, பிரான்சில் அல்சாஸ் பகுதியில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அங்கோ வயல்களில் பெருமளவும் மக்காச்சோளம். கூண்டில் வளர்த்த பெண் ஹாம்ஸ்டர்களுக்கு மக்காச்சோளத்தை முதன்மை உணவாகக் கொடுத்தபோது, அவை வழக்கமான எண்ணிக்கையில் குட்டிகளை ஈன்றன. ஆனால் ஈன்ற குட்டிகளையே தின்றுவிட்டன. 2017இல் வெளியான அந்த ஆய்வு கண்டறிந்த காரணம் நியாசின் என்னும் பி3 வைட்டமின் குறைபாடு. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்திருக்கிறது; மனிதர்களுக்குப் பெல்லாக்ரா நோய் வந்ததும் இதனால்தான். நியாசினைச் சேர்த்துக் கொடுத்ததும் தாய்கள் குட்டிகளை முறையாக வளர்த்தன. வயிறு நிறைந்திருந்தும் இந்தக் கேடு நேர்ந்தது. ஆகவே உங்கள் பட்டியலில் முதலிடம் பெற்ற உணவு எதுவாயினும், அதன் புரதம், கால்சியம், வைட்டமின் அளவுகளை ஓர் ஊட்டச்சத்து வல்லுநரோடு சரிபாருங்கள். பிறகு பழைய உணவைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, ஏழு முதல் பத்து நாட்களில் மெல்ல மாற்றுங்கள்.

ஏழாம் படி: விடுவிப்புக்கு முன்

காட்டுக்குத் திரும்பவிருக்கும் விலங்குக்குக் கிண்ணத்தில் ஓடு நீக்கிய உணவைக் கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. விடப்போகும் இடத்தின் செடிகளையும் விதைகளையும் கிளையோடும் ஓட்டோடும் கொடுங்கள்; கூண்டின் பல இடங்களில் மறைத்து வையுங்கள். பிரிட்டனில் 1993 முதல் டார்மவுஸ்களை விடுவிப்பவர்கள், அவற்றைக் காட்டில் பொருத்திய கம்பிவலைக் கூண்டில் சில நாட்கள் வைத்திருந்து, பிறகு வாயிலைத் திறந்துவிட்டும் உணவு வைப்பதைத் தொடர்கிறார்கள். உங்கள் தராசுக்கு அப்போதும் வேலை உண்டு. ஒவ்வொரு முறை உணவு மாற்றும்போதும் எஞ்சியதை நிறுத்து எழுதுங்கள்: மிச்சம் கூடிக்கொண்டே போனால், அவை வெளியே தமக்கான இரையைத் தேடிக்கொள்ளத் தொடங்கியிருக்கலாம் என்பதற்கு அது முதல் தடயம். கூண்டருகே கேமராவில் அவை உடல் தேறி நடமாடுவதும் பதிவானால், வைக்கும் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம்.