ஏற்காட்டுல இருந்து ரிசர்ச் இன்டர்ன்ஷிப்புக்கு எப்படி போறது?

நான் ஏற்காட்டு மலைக்காரி, மலையாளி பழங்குடி சமூகம், எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு. சேலத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கறப்போ ரிசர்ச்னாலே பிஎச்டி பண்றவங்களுக்குன்னு நெனச்சு ரெண்டு வருசத்த விட்டுட்டேன், நம்ம புள்ளைங்க யாரும் அப்படி விடக்கூடாது.

மொதல்ல கைல ஒரு சின்ன வேல இருக்கணும். நான் எங்க பாட்டி பேசறத போன்ல ரெக்கார்டு பண்ணி, பேச்ச எழுத்தா மாத்தற, இலவசமா கெடைக்கற விஸ்பர்ங்கற ஏஐ மாடல கோலாப்ல (பிரவுசர்லயே புரோகிராம் ஓட்டற கூகுள் தளம்) ஓட்டி, பாட்டி சொன்னது ஒரு பக்கம், அது எழுதுனது ஒரு பக்கம்னு நோட்டுல நடுவுல கோடு போட்டு எழுதிட்டே வந்தேன். டவுன்காரங்க பேசுனா ஓரளவு புடிச்சுக்குது, பாட்டி பேச்சுக்கு திணறுது. ஏன்? அந்தக் கேள்விதாங்க ரிசர்ச்.

அடுத்து, அந்த நோட்ட எடுத்துட்டுப் போய் உங்க காலேஜ்ல ஒரு மேடம்கிட்டயோ சார்கிட்டயோ காட்டுங்க. பின்னாடி ரெகமண்டேஷன் லெட்டர் அவங்கதான் தரணும், உங்க மார்க் மட்டும் தெரிஞ்சவங்க எழுதுற லெட்டருக்கு வெயிட்டே இருக்காது.

இப்ப எங்க அப்ளை பண்றதுன்னு பாப்போம். நாட்டோட மூணு சயின்ஸ் அகாடமியும் சேர்ந்து நடத்துற சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப் 2 மாசம், ஸ்டைபண்டும் உண்டு, ஏன் சேரணும்னு நீங்களே ஒரு குறிப்பு எழுதணும், நோட்டு அங்க கை குடுக்கும். ஐஐடி மெட்ராஸ் சம்மர் ஃபெலோஷிப்பும் 2 மாசம்தான், அது ஐஐடி பசங்களுக்குக் கெடையாது, நம்மள மாதிரி வெளி காலேஜ்காரங்களுக்குத்தான். நெட்ல தேடுனா ஆர்ஈயூ (REU)ன்னு ஒண்ணு கண்ணுல படும், டிகிரி படிக்கற ஸ்டூடண்ட்ஸுக்கான அமெரிக்க ரிசர்ச் திட்டம் அது, ஆனா அமெரிக்க அரசோட அறிவியல் நிதி அமைப்பான என்எஸ்எஃப் காசுல நடக்கறதால அந்த நாட்டு குடிமக்களும் நிரந்தரமா குடியிருக்கறவங்களும்தான் சேர முடியும், அதுல நேரத்த விடாதீங்க.

ப்ரொஃபசருக்கு நேரா மெயில் போடறதா இருந்தா அவங்க பேப்பர் ஒண்ணயாவது படிச்சிருக்கணும். "டியர் சார், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டட்"னு நூறு பேர் அனுப்பறாங்க. நான் அனுப்புனது அஞ்சே வரி: யாரு, உங்க பேப்பர்ல எந்த இடம் புரியல, பாட்டி ரெக்கார்டிங்ல என்ன பாத்தேன், நோட்டோட போட்டோ, எந்த மாசம் வர முடியும். மொத ஆறு பேர்கிட்ட இருந்து பதிலே இல்ல, ஏழாவது மேடம் அந்த போட்டோவ பாத்துட்டு போன் பண்ணாங்க.

ஒண்ணு மட்டும், கடைசி நாள் ராத்திரி ஃபார்ம் போடாதீங்க. மலைல மழை புடிச்சா கரண்டும் போயிரும் டவரும் போயிரும், ரெண்டு நாள் முன்னாடியே சேலம் இறங்கி லைப்ரரில உக்காந்து அனுப்பிருங்க.