கார்பைடு டிரம்மும் இரண்டு மழைக்காலமும்: கேஸ் வெல்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டம், குளச்சல் பக்கம் படகு வேலைக்கு வரும் புதுப் பையன்களைப் பார்க்கிறேன். நாங்கள் தொழில் பழகிய காலத்துக் கோளாறுகள் ஒன்றுவிடாமல் திரும்ப நடக்கின்றன. கண்ணாடி போடு, பக்கத்தில் பீடி பற்றவைக்காதே என்பதையெல்லாம் எல்லாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

டிரம்மை அரைகுறையாக மூடுவது

கால்சியம் கார்பைடில் (பட்டறையில் சும்மா 'கல்' என்போம்) தண்ணீர் பட்டால், வெல்டிங்கில் எரிக்கும் அசிட்டிலீன் வாயு வரும், மிச்சம் சுண்ணாம்பு. பிளஸ் ஒன் வேதியியலில் ஆல்கைன்களின் முதல் ஆளாக, ஈத்தைன் என்று வருவது இதுதான். 1862-இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் செய்துகாட்டிய வழியைத்தான் பட்டறையில் இன்றும் செய்கிறோம்.

தண்ணீர் என்றதும் வாளித் தண்ணீரையே நினைக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரமே போதும். நம் குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் கடல்காற்று. பாதி எடுத்த டிரம்மின் மேல் சாக்கை விரித்துவிட்டு வீட்டுக்குப் போனால் கல் வெள்ளைப் பொடியாகிக்கொண்டே இருக்கும். நல்ல கல் கிலோவுக்கு ஏறக்குறைய 300 லிட்டர் வாயு தரும். பொடி ஒன்றும் தராது. காசு போனது போனதுதான்.

அதைவிட மோசம், மூடியைப் பேருக்கு வைத்து அழுத்தியிருந்தால். வாயு உள்ளேயே தங்கும். காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் வாயு அது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் பையன் இறுகிப்போன மூடியை இரும்பு உளி வைத்துத் தட்டினான். ஒரு பொறிதான். மூடி தகரக் கூரையில் போய் இடித்தது. அவன் புருவம் கருகியது. கேட்டால், "மூடித்தானே அண்ணே வச்சிருந்தேன்!" இந்தப் பதிலைக் கேட்டால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும்.

ரப்பர் வளையத்தோடு இறுக்கமாக மூடும் சிறிய டின்னாக வாங்குங்கள். தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். திறக்கப் பொறி வராத பித்தளைக் கருவி. அப்புறம், கல்லில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, காய்ந்த மணல்தான்.

செம்புக் குழாய்

வேண்டவே வேண்டாம். வாயு செம்போடு சேர்ந்து உள்ளே படியும் காப்பர் அசிட்டிலைடு காய்ந்தால், தட்டினாலே வெடிக்கும்.

சிலிண்டரைப் படுக்கப் போடுவது

அசிட்டிலீன் சிலிண்டருக்குள்ளே அசிட்டோன் என்ற திரவத்தில் கரைந்துதான் வாயு இருக்கிறது. படுக்கப் போட்டுத் திறந்தால் அசிட்டோனும் சேர்ந்து வரும்.

அழுத்தத்தைக் கூட்டுவது

ரெகுலேட்டரில் அழுத்தம் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) தாண்டக்கூடாது. அசிட்டிலீன் வெடிக்க ஆக்சிஜன்கூடத் தேவையில்லை.

பழத்துக்குக் கல் கொடுப்பது

செவ்வாழைத் தாரோடு வந்து "ஒரு பிடி கல் தாங்க" என்பார்கள். கார்பைடு வாயுவில் பழம் பழுக்கவைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன. கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு உண்டு. கார்பைடு நாற்றமே அந்தப் பாஸ்பரஸிலிருந்து வரும் பாஸ்பீன் வாயுதான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டி வாழை விளையும் ஊரில் இது என்ன பிழைப்பு? தெரிந்தவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.