பெற்றோமக்ஸ் மென்டிலில் இருக்கும் தோரியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் கரண்ட் போகும் இரவுக்கென லயத்தில் எடுத்து வைத்திருக்கும் பழைய மென்டில்களில் (பெற்றோமக்ஸ் விளக்கில் சூடேறி ஒளிரும் வலைப்பை) பெரும்பாலும் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கும். பழைய கலவை, நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஒக்சைட், ஒரு பங்கு சீரியம் ஒக்சைட். உருகுநிலை ஏறத்தாழ 3,300 பாகை செல்சியஸ் என்பதால் தீயில் அப்படியே நிற்கும்.

விளக்கு வெளிச்சத்தோடு கதிர்வீச்சும் வரும் என்று பயப்படுவது வீண். தோரியம் விடும் அல்பாத் துகளை ஒரு தாளே தடுத்துவிடும், தோலையும் தாண்டாது. மூச்சோடு போகும் தூள்தான் வில்லங்கம். அது நுரையீரலில் நெடுநாள் தங்கி, பக்கத்துக் கலங்களைத் தாக்கிக்கொண்டே இருக்கும். இரத்தத்தில் சேர்வது பெரும்பாலும் எலும்பில் படியும். முன்பு எக்ஸ்ரே படத்துக்காக ஊசியில் ஏற்றிய தோரொட்ராஸ்ட், ஈரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோய் கொடுத்தது. மென்டிலில் இருப்பது அதைவிட மிகக் குறைவு. அதற்காக ஊதி விளையாடலாம் என்றில்லை.

ஆனால் பலரும் செய்வது அதுதான்: எரிந்து உடைந்த மென்டிலை வாயால் ஊதித் தட்டுவது. விளக்கு நன்றாக ஆறட்டும். வெளியே கொண்டுபோய், காற்று முதுகுப் பக்கம் வர நின்று, மாஸ்க்கும் கையுறையும் போட்டு, ஈரத்துணியால் சுற்றி எடுங்கள். சிம்னிக்குள் விழுந்த தூளையும் ஈரத்துணியாலேயே துடைக்க வேண்டும். துணியோடு பொலித்தீன் பையில் கட்டிவிட்டு, சோப் போட்டுக் கை கழுவுங்கள். அடுப்புச் சாம்பலோடு சேர்த்து மரக்கறிப் பாத்தியில் கொட்ட வேண்டாம்.

புது மென்டிலைக் காம்பராவுக்குள் முதல்முறை எரிப்பதும் தவறு. தோரியம் சிதைந்து உண்டான ரேடியம் போன்றவை அந்த முதல் சூட்டில்தான் அதிகம் புகையோடு கிளம்பும். இஸ்தோப்புக்கு வெளியே கொளுத்தி, கொஞ்ச நேரம் தள்ளி நில்லுங்கள். மூடிய காம்பராவில் இந்த விளக்கின் காபன் மொனொக்சைட் தோரியத்தைவிடச் சீக்கிரம் ஆளைக் கொல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்கும்போது தோரியம் இல்லாத, யிட்ரியம் மென்டிலைக் கேளுங்கள்.

பெக்டரி வர்க்‌ஷொப்பில் டிக் வெல்டிங் செய்பவர்கள் டங்ஸ்டன் கம்பியின் நுனி நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் சுமார் 2 சதவீதம் தோரியம். வெல்டிங்கைவிட, அதைக் கிரைண்டரில் தீட்டும்போது பறக்கும் தூளே கெடுதல். நீல நுனி லாந்தனம் கம்பி அந்த வேலையைச் செய்யும்.

அயடின் மாத்திரை இதற்கு உதவாது. அது கதிரியக்க அயடினிடமிருந்து தைரொய்ட்டை மட்டும் காக்கும்.

பலாங்கொடைப் பக்கத்து இல்லத்தில் (மாணிக்கம் தோண்டும் சரளை மண்) மாணிக்கத்தோடு கிடைக்கும் கனத்த கறுப்புச் சதுரக் கல், தோரியம் நிறைந்த தோரியனைட்டாக இருக்கலாம். 1904இல் ஆனந்த குமாரசுவாமியின் ஆய்வால் வெளிச்சத்துக்கு வந்த கனிமம் அது. அதை இடிக்கவோ, படுக்கும் காம்பராவில் சேர்த்து வைக்கவோ கூடாது. அதிலிருந்து தோரன் என்ற கதிரியக்க வாயு வந்துகொண்டே இருக்கும்.