மலைச்சரிவில் 12-க்கு 16 மரக்குடில்: ஆட்களை எந்த நாளில் கூப்பிடுவது?

குடிலின் அளவை 12 அடிக்கு 16 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் மூலைவிட்டம் சரியாக 20 அடி. கணக்குக்குப் பயப்படுபவர்கூட டேப்பை வைத்தே மூலை சரிபார்த்துவிடலாம். தரைக்கு 8-க்கு 4 பிளைவுட் 6 போதும், துண்டு மிஞ்சாது. நடுவரிசையில் மட்டும் ஒன்றைப் பாதியாக அறுத்து இரு ஓரத்திலும் வையுங்கள். இணைப்புகள் ஒரே கோட்டில் விழாது.

நூல் கட்டும் நாளில் கூட்டம் வேண்டாம், இருவர் போதும். ஆள் கூடினால் ஆளுக்கொரு யோசனை, போதாக்குறைக்கு நூலில் கால் வேறு தட்டும்.

சரிவில் பலரும் கோட்டைவிடுவது டேப் பிடிப்பதில்தான். தரையோடு சாய்த்துப் பிடித்துவிடுவார்கள். 12 அடிக்குள் நிலம் 3 அடி இறங்கினால், அப்படி அளந்த 12 அடி கிடைமட்டத்தில் சுமார் 11 அடி 7½ அங்குலம்தான். டேப்பை மட்டமாக இழுத்து, பள்ளத்துப் பக்கம் தூக்குக்குண்டு விட்டு முளை அடியுங்கள். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முளையைப் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டியதுதான். இங்கே விட்டது கூரை போடும்போது தகர விளிம்பில் வந்து நிற்கும்.

உயரத்துக்கு ட்யூப் லெவல், அதாவது மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. பார்க்கும்போது இருவருமே கட்டைவிரலை எடுத்திருக்க வேண்டும். ஒரு முனை மூடியிருந்தாலும் தண்ணீர் சரியான மட்டத்துக்கு வராது.

வரிசைக்கு 4 வீதம் 3 வரிசை, ஆக 12 தூண். குழி 1 அடி விட்டம், 3 அடி ஆழம். குளிரில் மண் உறையும் இடமானால், உறையும் ஆழத்தையும் தாண்டித் தோண்டுங்கள். இல்லாவிட்டால் உறைந்த மண் தூணையே மேலே தூக்கிவிடும். தரைமட்டம் வரை கான்கிரீட். அதற்குமேல் இரும்புத் தாங்கியில் மரத்தூண். மரம் கான்கிரீட்டைத் தொட்டால் ஈரம் ஏறி அடியில் உளுத்துப்போகும். பள்ளத்துப் பக்கத் தூண்கள் 2 அடிக்கு மேல் உயர்ந்தால் பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டம் அடியுங்கள்.

சொந்தபந்தம் முழுதும் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில். சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கான்கிரீட் கலவைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டை 6 வேண்டும். மணல், ஜல்லி சேர்த்தால் கிட்டத்தட்ட 2 டன். வண்டி ஏறாத இடமென்றால் தலைக்கு 20 கிலோ வீதம் 100 நடை, 10 பேர் இருந்தால் ஆளுக்கு 10. மூட்டையை அப்படியே தூக்க விடாதீர்கள், அடுத்த நாள் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கலவையில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றும் மச்சான் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. மூட்டைக்கு 25 லிட்டர்தான் என்று வாளியில் கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள். மணல் ஈரமென்றால் அதிலும் குறையுங்கள். 7 நாள் ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள். அந்த வாரம் யாரும் வர வேண்டாம்.

பிளைவுட்டைத் தாங்கும் தரைச்சட்டங்கள், 16 அடிப் பக்கம் நெடுக 16 அங்குல இடைவெளியில் 13.

சுவர் தூக்க 6 பேர். சுவரைத் தரையில் படுக்கவைத்தே அடித்து, மூலைவிட்டம் பார்த்த பிறகே பலகை பொருத்துங்கள். தூக்குவதற்கு முன் தரையின் வெளி விளிம்பில் 3 தடுப்புக்கட்டை அடிக்க மறக்காதீர்கள். இல்லையென்றால், பாதி எழும்பிய சுவரின் அடிச்சட்டம் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் போய்விடும். அங்கே யாரும் நிற்கவே கூடாது. 4 பேர் தூக்க, 2 பேர் முட்டுக்கட்டையும் சுத்தியுமாகத் தயாராக இருக்கட்டும். குரல் கொடுப்பது ஒருவர் மட்டும்.

கூரைக்கு மறுபடி ஆட்களைக் குறையுங்கள்: மேலே இருவர், கீழே இருவர். நெளித்தகரத்தைக் காற்று வரும் திசைக்கு எதிர்முனையிலிருந்து போட்டு வந்தால், மேல்தகரத்தின் விளிம்புக்குள் காற்று புகாது. திருகாணி தகர நெளிவின் மேட்டில்தான், பள்ளத்தில் அல்ல. ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் முதல் மழையிலேயே ஒழுகும்.

ஆட்கள் கிளம்புவதற்குள் மேட்டுப் பக்கம், சுவரிலிருந்து 3 அடி தள்ளி, 1 அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, இருபுறமும் சரிவாக இறக்கி, ஜல்லி நிரப்பச் சொல்லுங்கள்.